ராஃபிள்ஸ் விடுதி

ராஃபிள்ஸ் விடுதி என்பது சிங்கப்பூரின் பீச் சாலையில் அமைந்துள்ள ஒரு சொகுசுத் தங்கு விடுதி ஆகும். ஆர்மீனியர்களான சார்க்கீசு சகோதரர்கள் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள் கடலோரப் பங்களா ஒன்றில் இதனைத் தொடங்கினர். சிங்கப்பூரில் பிரித்தானியக் குடியேற்றத்தை நிறுவிய சர் இசுடாம்ஃபோர்டு ராஃபிள்சின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. பிற்காலத்திய நிலமீட்புப் பணிகளால் கடல் இவ்விடத்தை விட்டு வெகுவாக விலகிவிட்டது.

வரலாறு

இன்றுள்ள முதன்மைக் கட்டடம் 1899 இல் திறக்கப்பட்டது. சுவான் அண்டு மெக்லாரன் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் பிட்வெல் இதனை வடிவமைத்தார். மின்விளக்குகளும் மின்விசிறிகளும் அக்காலத்தில் இதன் சிறப்பாகக் கருதப்பட்டன. சிங்கப்பூர் சிலிங் என்னும் மதுக்கலவை இங்குள்ள லாங் பாரில் உருவானது. சப்பானிய ஆக்கிரமிப்பின்போது (1942–1945) விடுதி சியோனான் ரியோக்கான் எனப் பெயர் மாற்றப்பட்டிருந்தது.

1989–1991 மீளமைப்பு

நூற்றாண்டு நிறைவுற்ற 1987 இல் இக்கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989 மார்ச்சில் மூடப்பட்ட விடுதி, சுமார் 160 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி செலவில் மீளமைக்கப்பட்டு, 1991 செப்டம்பர் 16 அன்று மீண்டும் திறக்கப்பட்டது.

பல பத்தாண்டுகளாக மாற்றங்களுக்கு உள்ளான கட்டடத்தை எந்த ஆண்டின் தோற்றத்துக்குத் திருப்புவது என்பதே இப்பணியின் அடிப்படைச் சிக்கல் எனலாம். 1915 ஆம் ஆண்டுத் தோற்றமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. இதனால் அதற்குப் பின் எழுந்த பகுதிகள் நீக்கப்பட்டன. 1920களில் பெரும்புகழ் பெற்றிருந்த நடனக் கூடமும் இவற்றுள் ஒன்று. முன்பு இருந்து மறைந்த வார்ப்பிரும்பு முகப்புப் பந்தல் புதிதாகச் செய்து நிறுவப்பட்டது. அதாவது, பழமையானதாகத் தோன்றும் பந்தல் மீளமைப்பின்போது உருவானது. இடிக்கப்பட்ட கூடமோ அதைவிட அறுபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

தனி அறைகள் அனைத்தும் வரவேற்பறையுடன் கூடிய தொகுப்பறைகளாக மாற்றப்பட்டன. புதிதாக ஒரு கடைத்தொகுதியும் சூபிலி மண்டபம் என்னும் நாடக அரங்கும் கட்டப்பட்டன. லாங் பார் தன் பழைய இடத்திலிருந்து இக்கடைத்தொகுதிக்கு இடம்பெயர்ந்தது. பாதுகாப்பைவிட வணிகமே மேலோங்கியது என இம்மாற்றங்கள் குறித்து விமரிசனங்கள் எழுந்தன. எனினும், அறை வாடகையை மட்டும் நம்பி இத்தகைய தாழ்வான கட்டடத்தை நகரின் நடுவே பேணுவது எளிதன்று.

2017–2019 மீளமைப்பு

2017 இல் படிப்படியாகத் தொடங்கிய அடுத்த மீளமைப்புக்காக, அவ்வாண்டின் இறுதியில் விடுதி முழுவதுமாக மூடப்பட்டது. 2019 ஆகத்து 1 அன்று மீண்டும் திறக்கப்பட்டபோது தொகுப்பறைகளின் எண்ணிக்கை 103 இலிருந்து 115 ஆக உயர்ந்திருந்தது. சூபிலி நாடக அரங்கு அகற்றப்பட்டு, அவ்விடத்தில் நடனக் கூடம் ஒன்று அமைக்கப்பட்டது.