மாலையில் ஒரு பூ, காலையில் ஒரு கேள்வி

2020. சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த நேரம். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே அக்கா மகள் செல்போனில் ஒளிச்சேர்க்கைப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏளா, புரிஞ்சுதா?" என்றேன். "நல்லா புரிஞ்சுது மாமா." மறுநாள் அதிலிருந்தே இரண்டு கேள்வி கேட்டேன். திருதிருவென்று முழித்தாள்.

அவள் சோம்பேறி இல்லை. பிறகு எங்கேதான் கோளாறு? எனக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஞாபகம் வந்தது. 1855-இல் பிறந்த அவர், தாம் படித்த திண்ணைப் பள்ளியின் வழக்கம் ஒன்றை அதில் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகளை மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

சின்ன விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் 1885-இல் ஜெர்மானியரான எபிங்ஹாஸ், தன்னையே சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோவதைக் காட்டினார். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள்; சிலர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42.

"நல்லா புரிஞ்சுது மாமா" என்பது அந்த ஐந்து நிமிடத் தெம்புதான்.

தமிழக அரசு 2019-இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. கொரோனா காலத்தில் வீட்டுக்கே பாடம் வர அது உதவியது. ஆனால் ஓடுகிற வீடியோ தானாகத் திருப்பிக் கேட்காது. பொம்மைப்படமும் இசையும் பிள்ளையின் கண்ணைப் பிடித்து வைக்கலாம். மனசுக்கு வேலை கொடுப்பது கேள்விதான்.

இதற்காகத் திண்ணைப் பள்ளியைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பெரும்பாலும் வெளியேதான் நின்றார்கள். என் அக்கா மகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடைத்திருக்காது, செல்போனில் கிடைத்தது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு கேள்வியை மட்டும்.

அப்புறம் நாங்கள் வீடியோவை நடுநடுவே நிறுத்தினோம். மறுநாள் காப்பிக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. முதல் வாரம் முனகினாள். பிறகு ஒருநாள் அவளே முந்திக்கொண்டாள்: "மாமா, இன்னைக்கு நான் கேக்கேன், நீங்க சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.