எலும்புக்குள் ஓர் ஊசி

மாற்றலாகி வந்து ஜோகுபாளையத்தில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பந்து எறிந்ததற்கே தோளுக்குக் கீழே கை எலும்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்புக்குள் நீர்க்கட்டி. புற்றுநோய் இல்லை, ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றாராம் டாக்டர். எலும்புக்குள் ஊசியா? உட்கார்ந்து படித்தேன்.

1876-ல் ஜெர்மனியின் விர்ச்சோ இந்தக் கட்டியை விவரித்தார். பிறகு வெகுகாலம் வைத்தியம் என்றால் எலும்பைத் திறந்து, சுரண்டி, இடுப்பெலும்பில் எடுத்த துண்டுகளால் அடைப்பதுதான். பிள்ளைக்கு இரண்டு இடத்தில் காயம். அப்படியும் கட்டி திரும்பி வரும்!

1970களில் இத்தாலிய எலும்பு டாக்டர் ஸ்காலியெட்டி கத்தியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். கட்டிக்குள் மீதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தி, 1979-ல் முடிவுகளை வெளியிட்டார். இன்று சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசிமுனையை உள்ளே நிறுத்தி, மஞ்சள் நீரை எடுத்துவிட்டு மருந்தை விடுகிறார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்பது மட்டும் முழுசாகப் பிடிபடவில்லை.

2008-ல் வந்த ஆய்வில் எலும்பு மஜ்ஜை ஊசியோடு போட்டி வைத்தார்கள். ஸ்டீராய்டில் ஆறியது 42%, மஜ்ஜையில் 23%. (பாங்க்காரன் கண்ணுக்கு 42% சுமார்தான்.) பலருக்கு ஒரு ஊசி போதாது, சில மாதம் விட்டு மறுபடி போடவேண்டும். வளர்ச்சி நின்றபின் பல கட்டிகள் தானாகவே அடங்கிவிடுகின்றன. அதுவரை எலும்பு மீண்டும் முறியக்கூடாது, அதற்குத்தான் இவ்வளவும்.