நாயும் காடும்

கூடலூருக்கு வந்திருந்த நண்பர் தம் நாயையும் உடன் அழைத்து வந்திருந்தார். மாலையில் அதைக் காட்டுக்குள் சிறிது தூரம் நடத்திக்கொண்டு போய் வரலாமா என்று கேட்டார். எளிய கேள்விதான். விடை சொல்ல முனைந்தபோதுதான் அதன் பின்னே நீண்டதொரு வரலாறு இருப்பதை உணர்ந்தேன்.

காட்டுக்குள் நாயோடு செல்வது தமிழருக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலக் கானவனுக்கு வேட்டைத் துணை நாய்தான்; ஞமலி, ஞாளி என அதற்குப் பல பெயர்கள். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளுக்காகப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், இரு கள்வரை அது கடித்த செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வேறு வகை நாய்கள் வந்தன. உதகையில் ஆங்கிலேயர் தம் நாட்டு வேட்டைநாய்களைக் கொண்டு, குதிரையேறி நரிகளைத் துரத்தினர். தம் நாய்களைச் சீராட்டிய அவர்கள், காட்டின் சொந்த நாயாகிய செந்நாயை மட்டும் பகையாகக் கண்டார்கள். மான்களை அது தீர்த்துவிடுகிறது என்பது குற்றச்சாட்டு. செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுத்தொகை கிடைத்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே நிலை மாறியது.

இன்று செந்நாய்க்குத் துப்பாக்கியினும் நோய்தான் பெரிய அச்சம். வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயும் வீட்டு நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்குத் தாவக்கூடியவை. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் டிஸ்டெம்பரால் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் மாண்டன. அந்நோய் சுற்றுக் கிராமங்களின் நாய்களிடமிருந்து பரவியது என்பது ஆய்வாளர் முடிவு. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோதும், சிலவற்றின் உடலில் அதே நச்சுயிரி இருந்தது.

நாய்க்கும் ஆபத்து உண்டு. சிறுத்தைக்கு அது எளிய இரை. யானையைக் கண்டால் குரைக்கும். யானை துரத்தினால் திரும்பி ஓடிவந்து தன்னை வளர்த்தவர் காலடியில்தான் ஒளியும். பின்னாலேயே யானையும் வரும்.

தொரப்பள்ளியைத் தாண்டினால் முதுமலை. 1940-இல் சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. அங்கே நாயோடு உலாவ வழியில்லை. ஆகவே நண்பரிடம், "தடுப்பூசி போட்டாயிற்றா?" என்று முதலில் கேட்டேன். பிறகு வெயில் தாழுமுன், ஊரையொட்டிய தேயிலைத் தோட்டப் பாதையில், வாரைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினோம்.

நாய்க்குக் குறையொன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கள்வரிடமிருந்து எருமைகளைக் காத்த கோவிவனுக்கு நம் முன்னோர் கல்லில் இடம் கொடுத்தனர். நம் நாய்களிடமிருந்து காட்டைக் காக்கும் பொறுப்போ நம்முடையதாகிவிட்டது.