புதுசா, பழசா? ரெலிக் கிடார்களின் கதை

ஜவுளிக்கடையில் முழங்கால் கிழிந்த ஜீன்ஸுக்குத்தான் விலை அதிகம்! எலெக்ட்ரிக் கிடார் உலகிலும் இதே கதைதான். பெயின்ட் உரிந்து, திருகாணி துருப்பிடித்து, ஐம்பது வருடம் மேடையில் அடிபட்டது போலிருக்கும் கிடார், போன மாதம் ஃபேக்டரியில் செய்ததாக இருக்கலாம். இதற்கு "ரெலிக்" என்று பெயர்.

பழசுக்கு மதிப்பு வந்தது எப்படி?

லியோ ஃபெண்டரின் கம்பெனி 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டது. 1965-ல் அந்தக் கம்பெனி 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்தின் கைக்குப் போனது. உற்பத்தி கூடியது, தரம் குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். "சி.பி.எஸ்.ஸுக்கு முந்தையது" என்பதே ஒரு தர முத்திரை ஆகிவிட்டது.

கிப்சன் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் இன்னும் விசேஷம். மொத்தமே சுமார் 1,500தான். சரியாக விற்காததால் மாடலையே மாற்றிவிட்டார்கள். 1966-ல் ஜான் மேயால் குழுவின் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் அந்த வகை கிடாரை வாசித்த பிறகு எல்லோரும் தேடத் தொடங்கினார்கள். அன்று 300 டாலருக்குள் விற்றது, இன்று லட்சக்கணக்கான டாலர். சப்ளை கூட வழியில்லை, டிமாண்ட் மட்டும் கூடுகிறது... வேறென்ன நடக்கும்?

செயற்கை முதுமை

அந்தக் காலத்து கிடார்களுக்கு அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். நாளாக ஆக மஞ்சளாகும். சூடும் குளிரும் மாறும்போது மெல்லிய கோடுகளாக வெடிக்கும். வியர்வை பட்டால் உரியும். இதையெல்லாம் வேண்டுமென்றே செய்து, 1995-ல் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஃபெண்டர் கஸ்டம் ஷாப் தன் ரெலிக்குகளை வைத்தது. பார்த்த பலர் நிஜமான பழைய கிடார்கள் என்றே நினைத்தார்களாம்! ஆரம்ப வருடங்களில் வின்ஸ் குனெட்டோ என்பவர்தான் மிசௌரியில் இந்த வேலையைச் செய்து கொடுத்தார்.

ஒரே தழும்பு, இரண்டு விலை

அயர்லாந்தின் ரோரி கலாஹர் 1963-ல் கார்க் நகரில் வாங்கிய 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் இதற்கு நல்ல உதாரணம். அவர் வியர்வையிலேயே பெயின்ட் பெரும்பாலும் போய்விட்டது. ஒருமுறை திருடு போய், பள்ளத்தில் கிடந்து திரும்பியும் வந்தது. 2024-ல் லண்டன் ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்கு விற்று, அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. அதே உரிசல்களை அச்சாகக் காப்பியடித்து ஃபெண்டர் செய்த கிடாரோ சில ஆயிரம் டாலர்தான். மரமும் கம்பியும் அல்ல, அந்த முப்பது வருடக் கதைதான் மீதி விலை.

ரெலிக் என்றால் ஏமாற்றா? இல்லை. கஸ்டம் ஷாப் முத்திரையோடு, இன்னது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மேடைக்குப் பயமில்லாமல் எடுத்துப் போகலாம். லட்சம் டாலர் கிடாரை அப்படி எடுத்துப் போக எத்தனை பேருக்கு மனசு வரும்?

சிக்கல் எங்கே?

அந்த முத்திரையை யாராவது சுரண்டி எடுத்துவிட்டால்தான் சிக்கல். முன்பு தேய்மானமே வயதுக்குச் சாட்சி. இன்று அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால், வியாபாரிகள் கிடாரைக் கழற்றியே பார்க்கிறார்கள். கழுத்தின் அடியில் உள்ள தேதி, யாரும் கை வைக்காத பற்றவைப்பு, வால்யூம் பொட்டில் உள்ள எண். உதாரணமாக 304-6312 என்றால், ஸ்டாக்போல் கம்பெனி 1963-ன் 12-வது வாரத்தில் செய்த பாகம். மறுபெயின்ட் அடித்தது தெரிந்தால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பழைய கார் சந்தையை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் சொன்னதும் இதைத்தான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், நல்ல சரக்குக்கும் நல்ல விலை கிடைக்காது. அதாவது, போலி வயதை வாங்கி ஏமாந்தவர் மட்டுமல்ல, நாற்பது வருடம் வாசித்துத் தேய்த்த கிடாரைக் கஷ்டகாலத்தில் விற்க வருபவரும் நஷ்டப்படுகிறார். அவருடைய தேய்மானம் நிஜம்தான். ஆனால் அதை இனி அவர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது!