பழி தீர்த்தது யார்?

நடுவர் அவர்களே! எதிரணியில் பேசிய தங்கை, 2000-ஆம் ஆண்டு வந்த 'கிளாடியேட்டர்' படத்தைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கிட்டுப் போனாங்க. மனைவியையும் மகனையும் பறிகொடுத்த தளபதி மாக்சிமஸ், அரங்கத்தின் நடுவிலே பேரரசன் கொமோடஸைக் கொன்று பழி தீர்க்கிறான். நானும் கண் கலங்கினவன்தான், மறைக்கலை. ஆனா தலைப்பு என்ன? 'சரித்திரப் படங்கள் சரித்திரத்துக்குச் செய்வது தொண்டா, துரோகமா?' அதனால கேக்கிறேன்: மாக்சிமஸ்னு அப்படி ஒரு தளபதி இருந்தானா? இல்லைங்க. முழுக் கற்பனை.

கொமோடஸ் இருந்தான். படத்தில் அவன் தகப்பனை மார்போடு அணைத்தே மூச்சை நிறுத்துகிறான். ஆனால் மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 180-இல் நோயில் இறந்தார் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் முடிவு. ஆட்சியைத் தளபதிக்குத் தர அவர் நினைக்கவும் இல்லை. 177-லேயே மகனைத் தன்னோடு கூட்டுப் பேரரசனாக்கிவிட்டார். அவருக்கு முன்னால் நான்கு பேர் தத்துப்பிள்ளைக்குத்தான் ஆட்சியைக் கொடுத்தாங்க. ஆகா, என்ன பெருந்தன்மைன்னு சொல்லாதீங்க. அவங்களுக்குப் பட்டம் கட்ட உயிரோட மகன் இல்லை! இவருக்கு இருந்தான். பல பிள்ளைகளைப் புதைத்து, மிஞ்சின ஒரே ஆண்பிள்ளை. மனத்தை அடக்குவது எப்படின்னு எழுதிவைத்த ஞானி, இந்த ஒரு இடத்தில் வெறும் அப்பா. அந்தத் தகப்பனின் தவற்றைப் படம் துடைத்துவிட்டது. நம்ம வீட்டுக்கு வேண்டிய பாடமே அதுதானே ஐயா?

மகன் என்ன செய்தான்? அரங்கத்தில் இறங்கிச் சண்டை போட்டான். ஒருநாள் நெருப்புக்கோழியின் தலையை வெட்டி, செனட் உறுப்பினர்கள் எதிரே தூக்கிக் காட்டிச் சிரித்தான். அங்கே இருந்த காசியஸ் டியோ எழுதுகிறார்: சிரிப்பை அடக்க மாலையிலிருந்த இலையைப் பிய்த்து மென்றாராம். சிரித்திருந்தால் தலை போயிருக்கும்!

அவன் செத்தது அரங்கத்தில் இல்லை. 192 டிசம்பர் 31. அவனோடு வாழ்ந்த மார்சியா விஷம் கொடுத்தாள், வாந்தியெடுத்தான். நார்சிஸஸ் என்ற மல்லன் கழுத்தை நெரித்தான். மானமும் இல்லை, பழியும் இல்லை. அடுத்தது தங்கள் தலைதான் என்ற பயம்.

படத்தில் அவன் செத்ததும் ரோம் செனட்டின் கைக்கு வந்துவிடுகிறது. நடந்தது என்ன தெரியுமா? அடுத்து வந்த பெர்டினாக்ஸை 87 நாளில் மெய்க்காவல் படையே கொன்றது. 193 மார்ச்சில் அதே படை முகாமில் அரியணையை ஏலம் விட்டது. தலைக்கு 25,000 செஸ்டர்ஸ் காசுன்னு கேட்டவன் டிடியஸ் ஜூலியானஸ். எத்தனை நாள் உட்கார்ந்தான்? 66 நாள்!

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே... நானும் உட்கார்ந்துட்டேன்.