பேய்க்கரும்பின் நுனி

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. அவர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். கையில் ஒரு பேய்க்கரும்பு. அதன் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அந்த ஊரில் முக்தி என்பது இறைவன் வாக்கு. ஊர் ஊராகச் சுவைத்துக்கொண்டே வந்தார். எங்கும் கசந்தது, ஒற்றியூரில் இனித்தது. கதை சொல்லுகிறவர்கள் அத்தோடு கைகூப்பி விடுகிறார்கள். மாறியது கரும்பா, மண்ணா என்று கேட்பதில்லை. பக்தி விஷயத்தில் கேட்கவும் வேண்டாம்.

ஆனால் கால்பந்து விஷயத்தில் கேட்டே ஆக வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் கிடைத்தால் போதும், பந்து உருளும் வட்டாரம் இது. ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறவர் இங்கே 'வாத்தியார்'. அணி தொடர்ந்து தோற்றால் முதலில் போவது வாத்தியாருடைய வேலைதான். பதினொரு பேரை அனுப்புவதைவிட ஒருவரை அனுப்புவது சுலபம் அல்லவா? அப்படி அனுப்பப்பட்டவர் பிறகு இன்னொரு கழகத்தின் வாசலில் வந்து நிற்பார். "அங்கே தோற்றவர்தானே?" என்பது ஒரு கட்சி. "அனுபவசாலி ஆயிற்றே!" என்பது மறு கட்சி. சரித்திரம் எந்தக் கட்சி?

ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒருவர் இருந்தார். உண்மையாகவே பள்ளிக்கூட வாத்தியார். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் விடாமல் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், அவர் கீழ் ஆடிய இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. நாடு கொண்டாடியது.

அடுத்த வருஷம் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக். எதிரே யுகோஸ்லாவியா. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். முடிவு 10-1. அந்த ஒன்றை அடித்தவர் அகமது கான் என்பதைத் தவிர ஆறுதல் சொல்ல எதுவும் இல்லை. அந்த ஓர் ஆட்டத்தோடு ரஹீமின் பெயர் மறைந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

மறையவில்லை. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போன அணிக்கும் அவரே வாத்தியார். இடைப்பட்ட நாலு வருஷத்தில் நம்மவர்கள் காலில் பூட்ஸ் ஏறியிருந்தது. இரண்டு காலாலும் ஆடப் பழக வேண்டும் என்பதற்காக, பலவீனமான காலால் மட்டுமே பந்தைத் தொடலாம் என்ற நிபந்தனையோடு ரஹீம் பந்தயங்கள் நடத்துவார் என்று சொல்வார்கள். மெல்போர்னில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிஸோசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் எதிரே வந்தது அதே யுகோஸ்லாவியா! இந்த முறை முதல் கோல் இந்தியாவுடையது. ஆட்டம் 1-4 என்று தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் ஹெல்ஸிங்கியை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். பத்து கோல் வாங்கியது யாரிடம், ஏன் என்று அறிந்தவர் ரஹீம். அந்த அறிவுக்கு நாடு ஏற்கெனவே விலை கொடுத்திருந்தது. அவரை அனுப்பியிருந்தால் விலை போயிருக்கும். சரக்கு கைக்கு வந்திருக்காது.

1962-இல் ஜகார்த்தாவில் அவர் அந்தக் கணக்கைத் தீர்த்து வைத்தார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே தென் கொரியா. கூட்டமோ இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தலைக் காயத்தோடு இருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். பி. கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், 2-1, தங்கம். அப்போதே வாத்தியாரின் உடம்பைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூனில் மறைந்தார். அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்ததே இல்லை.

அப்படியானால் தோற்றவரையெல்லாம் திரும்ப அழைக்கலாமா? சென்னையிலேயே மறுப்பு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோயில், 2009-இல் பர்ன்லி கழகத்தை இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு உயர்த்தியவர். பிறகு போல்டன் அவர் கையில் 2012-இல் கீழே இறங்கியது. விகனில் ஆறு மாதமும் தாங்கவில்லை. இப்படிக் கசந்து வந்த கரும்பை 2019 டிசம்பரில் சென்னையின் எஃப்.சி. வாங்கிச் சுவைத்தது. பட்டியலின் அடியில் கிடந்த அணி இறுதி ஆட்டம் வரை ஏறியது. அடுத்து ஜாம்ஷெட்பூர் சென்றார். 2021-22-இல் அந்த அணிக்கு லீக் கேடயம் வாங்கித் தந்தார். இனித்தது உண்மை.

2023-இல் சென்னைக் கழகம் அவரை மறுபடி அழைத்தது. முதல் வருஷம் ஆறாம் இடம், தேவலை. மறு வருஷம் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். 2025-இல் விலகினார். அதே மனிதர், அதே ஊர்; சுவை மட்டும் வேறு. முன்பு இனித்தது என்பது மறுபடி இனிக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

ஆகவே இரண்டாம் வாய்ப்புக் கொடுப்பவர் கேட்க வேண்டியது, 'முன்பு ஜெயித்தாயா, தோற்றாயா?' என்பதல்ல. 'போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாற்றம்?' என்பதே. ரஹீமிடம் பதில் இருந்தது: காலில் பூட்ஸ், கையில் புதுப் பயிற்சி, கட்டிக் காத்த பொறுமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாம் வாய்ப்பு நம் நாட்டில் வெளிநாட்டாருக்குத்தான் தாராளம். உள்ளூர் வாத்தியாருக்கு முதல் வாய்ப்பே அபூர்வம். காலித் ஜமீல் 2021-22-இல் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியோடு பத்தாம் இடத்தில் முடித்துவிட்டு வெளியேறினார். பின்பு ஜாம்ஷெட்பூர் அவரை நம்பியது. 2024-25-இல் அரையிறுதி வரை கொண்டு போனார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவர் கைக்கு வந்தது. ஒரு கழகம் பத்தாம் இடத்தைத் தாண்டிப் பார்த்ததால் வந்தது அது.

நம் வட்டாரத்து மைதானங்களிலும் காலையில் விசில் ஊதிக்கொண்டிருக்கிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். தோற்ற அணிகளின் பாடமெல்லாம் அவர்கள் மனசில் இருக்கிறது. அதைக் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.