எஃகில் ஒரு கழுகு

விரித்த சிறகுகள், ஒரு காலில் ஒலிவக் கிளை, மறு காலில் அம்புக்கட்டு. அமெரிக்கக் குடியரசின் கழுகு அது. ஆனால் அது பொறிக்கப்பட்டிருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சவரக்கத்தியின் அலகில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழுகும் கப்பலும் ரயிலும் ஜார்ஜ் வாஷிங்டனின் முகமும் தாங்கிய கத்திகள் ஷெஃபீல்டிலிருந்து பெருமளவில் அட்லாண்டிக் கடலைக் கடந்தன. வாங்குபவரின் நாட்டுப் பெருமையை விற்பவர் எஃகில் எழுதி அனுப்பிய காலம். இன்று அவை பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய எடுப்பவர், அவை எந்தெந்தக் கைகளைக் கடந்து வந்தன என்பதை அறிந்திருக்க வேண்டும். அறியாத கை ஒரே மாலையில் அந்தக் கழுகை அழித்துவிடும்.

1850களில் பிறந்த அத்தகைய கத்தி ஒன்றின் வழியைப் பின்தொடர்வோம். ஷெஃபீல்டின் உயர்ந்த எஃகுக்கு வேண்டிய இரும்பு சுவீடனின் டானெமோரா சுரங்கத்திலிருந்து வந்தது. ஹல் துறைமுகத்தில் இறங்கியது. அந்தப் பாளங்களைக் கரித்தூளோடு அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, நாள்கணக்கில் சூடேற்றினால் கரி உள்ளே ஊறி இரும்பு எஃகாகும். ஆனால் ஊறல் சீராக இராது. கசடும் உள்ளேயே தங்கும். நல்ல வில்சுருள் கிடைக்காமல் தவித்த கடிகாரத் தொழிலாளி பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், 1740களில் இந்த எஃகைக் களிமண் மூசையில் இட்டு, சுமார் 1,600 டிகிரி செல்சியஸில் முழுக்க உருக்கினார். கசடு மிதந்து பிரிந்தது. எஃகு உடலெங்கும் ஒரே குணமாயிற்று. கன்னத்தில் வழுக்கிச் செல்லும் கூரும், கழுகின் இறகுக் கோடு பிசிறில்லாமல் விழும் பரப்பும் அதனால் வாய்த்தவை.

அந்த மூசையில் தமிழ்நாட்டின் தடமும் உண்டு. சேலத்து இரும்புத்தாதைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், இங்கிலாந்து திரும்பியபின் 1839இல் ஒரு காப்புரிமை பெற்றார்: உருகும் எஃகில் சிறிது மாங்கனீசுச் சேர்மம் இடுவது. எஃகு சுத்தியலுக்கு இணங்கியது, விலையும் இறங்கியது. ஷெஃபீல்டு அந்த முறையைக் கைக்கொண்டு செழித்தது. ஹீத்துக்குக் கிடைத்தது நீண்ட வழக்கு மட்டுமே. 1851இல் அவர் இறந்தபோதும் அது முடியவில்லை.

வார்த்த எஃகு கம்பியாகிப் பட்டறைக்கு வரும். கொல்லரும் சம்மட்டிக்காரரும் சேர்ந்து அதை அலகாக அடிப்பார்கள். செக்கச்சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்து, பிறகு மிதமான சூட்டில் மீண்டும் பதப்படுத்துவார்கள். அடுத்தது சாணை. சாணைக்காரர் மரச்சட்டத்தின் மேல் கால் பரப்பி அமர்ந்து, முகத்துக்கு நேரே சுழலும் மணற்கல்லில் அலகைக் குழிவாக்குவார். கல்தூளும் இரும்புத்தூளும் நுரையீரலில் படிந்தன. ஷெஃபீல்டு மருத்துவர் கால்வர்ட் ஹாலண்டு 1843இல் வெளியிட்ட நூல் சாணைத் தொழிலாளரின் இந்த நோயை விரிவாகப் பதிவு செய்தது. பழைய அலகின் முகத்தில் உருப்பெருக்கியில் தெரியும் மெல்லிய சாணைக் கீற்றுகள், யாரோ ஒருவர் தம் மூச்சைக் கொடுத்து இட்டவை. அவற்றைக் கீறல் என்று எண்ணித் தேய்த்து எடுப்பது தகாது.

இனித்தான் கழுகு. செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தை, அமிலம் தாங்கும் மையால் மெல்லிய தாளில் அச்சிடுவார்கள். தாளை அலகின் மேல் ஒட்டி நனைத்து உரித்தால் மை எஃகில் தங்கிவிடும். அலகின் மற்ற இடங்களை வார்னிஷ் பூசி மறைத்தபின் நைட்ரிக் அமிலம் படும். மை காத்த இடம் பளபளப்பாக நிற்கும். அமிலம் தின்ற இடம் மங்கிப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தின் ஆழம் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் பருமன்கூட இராது. மங்கலும் பளபளப்பும் அருகருகே நிற்பதால்தான் படம் கண்ணுக்குத் தெரிகிறது. ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகள் பலவற்றில் பொறித்த கோட்டின் மேல் பொன்பூச்சும் ஏறியது. அது இன்னும் மெல்லியது.

சில அலகுகளில் ‘வெள்ளி எஃகு’ என்ற ஆங்கில எழுத்துகளைக் காணலாம். இந்திய உருக்கு எஃகை ஆராயப் புகுந்த மைக்கேல் ஃபாரடேயும் லண்டன் கத்தி வணிகர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும், 500 பங்கு எஃகில் 1 பங்கு வெள்ளி கலந்தால் எஃகு சிறக்கும் என்று 1822இல் எழுதினார்கள். ஷெஃபீல்டின் கிரீன், பிக்ஸ்லே நிறுவனம் அதை உற்பத்திக்குக் கொண்டுபோனது. பிறகு அந்தப் பெயரே ஒரு விளம்பரமாயிற்று. எழுத்தும் வரலாற்றுச் சான்றுதான். 1890இன் மெக்கின்லி வரிச்சட்டம், அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அமெரிக்கா சென்ற கத்தியின் வால்பகுதியில் ‘இங்கிலாந்து’ என்ற முத்திரை இல்லையென்றால், அது பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஆகவே அந்த எழுத்தைத் தேய்ப்பவர் கத்தியின் வயதையே தேய்க்கிறார்.

அலகுக்கு மாட்டுக்கொம்பிலோ எருமைக்கொம்பிலோ தந்தத்திலோ கைப்பிடி அமைந்தது. கத்தி கடல் கடந்து, ஏதோ ஒரு முடிதிருத்தகத்திலோ வீட்டுக் கண்ணாடியின் முன்னோ அன்றாடம் தோல்வாரில் தீட்டப்பட்டு உழைத்தது. 1903இல் கிங் கேம்ப் ஜில்லெட் விற்ற பாதுகாப்பு ரேஸர்கள் 51. முதல் உலகப்போரிலோ அமெரிக்கப் படையினருக்குச் சுமார் 35 லட்சம் ரேஸர்கள் போயின. திரும்பி வந்த வீரர்கள் தீட்ட வேண்டாத பிளேடுக்குப் பழகியிருந்தார்கள். கழுகுக் கத்தி மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

அங்கே அதைத் தின்றது ஈரம். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மேலே மேடாகத் தெரியும் புள்ளியின் அடியில் குழி இருக்கும். செல்லுலாயிடு கைப்பிடி போட்ட பிற்காலக் கத்திகளில் வேறொரு கேடும் உண்டு. செல்லுலாயிடு நாள்பட்டுச் சிதையும்போது நைட்ரிக் அமில ஆவி கசியும். மூடிவைத்த கத்தி அதிலேயே அரிக்கும். கழுகை வரைந்த அதே அமிலம் இங்கே அலகை அழிக்கிறது. அத்தகைய கைப்பிடியை உடனே பிரித்து, மற்ற கத்திகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது.

சுத்தம் செய்பவரின் முதல் வேலை பார்ப்பது. நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கியோடு, எண்ணெய்கூடத் தடவாமல் பார்க்க வேண்டும். கோடு எங்கே நிற்கிறது, பொன் எங்கே ஒட்டியிருக்கிறது, குழி கத்தியின் வாயைத் தொடுகிறதா, வாயில் மயிரிழை விரிசல் உண்டா? விரிசல் விட்ட கத்தியால் சவரம் செய்ய இயலாது. படமோ அப்போதும் காப்பாற்றத் தக்கதே.

அடுத்து மெல்லிய எண்ணெயில் ஊறவிட வேண்டும். படம் இல்லாத இடத்தில் தளர்ந்த துருவைச் செம்பு நாணயம் போன்ற, எஃகைவிட மென்மையான உலோகத்தால் நீவி எடுக்கலாம். படத்தின் மேல் அதுவும் கூடாது. பல்குத்தும் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, கோட்டின் போக்கிலேயே நகர வேண்டும். பள்ளத்தில் இருக்கும் கருமை எல்லாம் அழுக்கல்ல. செந்துரு போக வேண்டும். எஃகோடு ஒட்டிய கரும்படலம் பெரும்பாலும் இருக்கட்டும். அதைச் சுரண்டினால் கோடு நிற்கும், படம் மறைந்துவிடும். பொன்னுள்ள இடத்தில் சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரும் மென்துணியும் போதும். உலோகப் பாலிஷ் அங்கே பொன்னைத்தான் முதலில் எடுக்கும்.

படத்துக்கு வெளியே துரு ஆழமாக இருந்தால் நுண்ணிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, சாணைக் கீற்றின் திசையிலேயே கையால் தேய்க்கலாம். மோட்டார் சக்கரத்தை நான் வேண்டவே வேண்டாம் என்பேன். மெல்லிய வாய் நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் தோன்றினால் வெப்பம் 220 டிகிரியைத் தாண்டியிருக்கும். நீலம் தெரிந்தால் 300ஐ நெருங்கியிருக்கும். தோய்ச்சல் போய்விட்ட வாயில் கூர் நில்லாது. கண்ணாடிபோல் பளபளக்கும் அலகுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கலாம். ஆனால் அந்தப் பளபளப்புக்காகக் கழுகின் சிறகைக் கொடுப்பது பழம்பொருளைக் காக்கும் செயல் ஆகாது.

கொம்புக் கைப்பிடி வறண்டிருந்தால் மாட்டுக்கால் எண்ணெயில் ஊறவைக்க உயிர்பெறும். மூட்டு ஆணி உறுதியாக இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். எண்ணெய் தொட்ட துணிநாடாவை இடுக்கில் விட்டு இழுத்தாலே போதும். இனி தீட்டுவது. சவரக்கத்தியைக் கல்லில் கிடத்தும்போது முதுகும் வாயும் ஒருசேரப் படியும். அந்தச் சாய்வே கூரின் கோணம். முதுகிலும் அலங்காரம் இருந்தால் மெல்லிய டேப் ஒட்டித் தீட்ட வேண்டும். 1,000 எண் கல்லில் தொடங்கி 8,000 வரை போகலாம், அல்லது பெல்ஜியத்து ஆர்டென் மலையின் கோட்டிக்கூல் கல்லில் முடிக்கலாம். பிறகு தோல்வார். கடைசியாக, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகம் 1950களில் உருவாக்கிய ரினைசான்ஸ் மெழுகை மெல்லிய படலமாகப் பூசினால் ஈரம் எஃகைத் தொடாது.

உருக்கியவர், அடித்தவர், சாணை பிடித்தவர், பொறித்தவர் எல்லாரும் இந்தக் கத்திக்கு ஏதோ ஒன்றைச் சேர்த்தவர்கள். சுத்தம் செய்பவர் மட்டுமே அதிலிருந்து எடுக்கிறவர். எனவே குறைவாக எடுப்பதே அவருடைய திறமை. செய்ததை எழுதிவைப்பதும் அதன் பகுதிதான். எந்த எண்ணெய், எந்த மெழுகு, எங்கே உப்புத்தாள் பட்டது, எந்தக் குழியை அப்படியே விட்டோம் என்று ஒரு சிறு சீட்டில் எழுதி, முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு கத்தியின் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்து எடுப்பவர் எங்கே தொடங்கலாம், எங்கே தொடவே கூடாது என்பதை அதைப் பார்த்துத்தான் அறிவார்.